வலிமை கைமாறும்போது போர் வந்தே தீருமா?

ஒரு நாடு எழுகிறது; அதுவரை முதலிடத்தில் இருந்த நாடு இறங்குகிறது. இரண்டும் ஏறத்தாழச் சமமாகும் காலத்தில் அவற்றின் வெளியுறவுக் கொள்கை எந்தப் பக்கம் சாயும், போரின் பக்கமா பேரத்தின் பக்கமா? ஏறத்தாழ 2,400 ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. சீனாவின் எழுச்சியால் இன்று மீண்டும் முன்னுக்கு வந்திருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் கிரகாம் அலிசன் 2017இல் வெளியிட்ட நூலில், கடந்த 500 ஆண்டுகளில் எழும் வல்லரசு ஆளும் வல்லரசை அச்சுறுத்திய 16 சந்தர்ப்பங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் 12 போரில் முடிந்தன என்றார். அந்தக் கணக்கு உலகெங்கும் ஆட்சியாளர்களின் பேச்சிலும் தலையங்கங்களிலும் இடம்பிடித்தது. கணக்கு எளிமையானது; அதனாலேயே அதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. வலிமை மாறுவது மட்டுமே போரையோ சமாதானத்தையோ தீர்மானிப்பதில்லை, இறங்கும் நாடு எதை விட்டுக்கொடுக்க முடியும் என்பதும், நாளைய நிலை இன்றையதைவிட எவ்வளவு மோசமாக இருக்கும் என்று அது அஞ்சுகிறது என்பதும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு முன், ஏற்கெனவே சொல்லப்பட்ட விடைகளைப் பார்த்துவிடுவது நல்லது.

பழைய விடைகள் இரண்டு

கி.மு. 431இல் ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் மூண்ட போரின் வரலாற்றை எழுதிய துசிடிடிஸ், வெளிப்படையாகச் சொல்லப்பட்ட காரணங்களையும் மறைந்திருந்த காரணத்தையும் பிரித்துக் காட்டினார். கொர்சீரா, பொட்டிடேயா நகரங்கள் பற்றிய தகராறுகள் முதல் வகை. ஏதென்சின் வளர்ச்சியும் அது ஸ்பார்ட்டாவில் கிளப்பிய அச்சமும் இரண்டாம் வகை. அலிசன் உட்பட இன்று எழுதுகிற பலரும் பற்றிக்கொள்வது இந்த இரண்டாம் காரணத்தைத்தான். ஆனால் துசிடிடிசின் நூல் இந்த ஒரு வரியோடு நின்றுவிடுவதில்லை. தயங்கிய ஸ்பார்ட்டாவைக் கொரிந்து நகரத் தூதர்கள் எப்படி நச்சரித்துப் போருக்கு இழுத்தார்கள், போர் வேண்டாம் என்று ஸ்பார்ட்டாவின் அரசரே எப்படி வாதாடினார் என்பதையெல்லாம் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். அச்சம் தானாகப் போராக மாறவில்லை. கூட்டாளிகளும் அவை விவாதங்களும் அதை மாற்றின.

இதே கேள்விக்கு நேரெதிரான விடை கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் இருக்கிறது. மைசூரில் ஷாமசாஸ்திரி கண்டெடுத்த அந்த நூல் 1909இல் அச்சேறியது. ஐரோப்பா கடற்படைப் போட்டியில் மூழ்கியிருந்த ஆண்டுகள் அவை. அதன் ஏழாம் பகுதி அரசன் கைக்கொள்ள வேண்டிய ஆறு வழிகளைப் பேசுகிறது. எதிரியைவிடத் தேய்ந்துகொண்டிருப்பவன் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும், வளர்ந்துகொண்டிருப்பவனே பகைக்கலாம் என்பது அதன் விதி. இறங்குபவனின் அச்சத்தைத் துசிடிடிஸ் போருக்குக் காரணமாகக் கண்டார். கௌடில்யர் அதையே சமாதானத்துக்குக் காரணமாக்கினார். இரண்டுக்கும் வரலாற்றில் சான்று கிடைக்கிறது. ஆகவே இறங்குமுகம் என்ற ஒன்றே ஒரு நாட்டின் அடுத்த அடியைச் சொல்லிவிடாது என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழுகிறது.

சமநிலையா, முதன்மையா?

இருபதாம் நூற்றாண்டில் செல்வாக்குப் பெற்றிருந்தது அதிகாரச் சமநிலை என்ற கருத்து. ஹான்ஸ் மார்கெந்தாவ் 1948இலும் கென்னத் வால்ட்ஸ் 1979இலும் அதற்குத் தத்தம் வடிவங்களைக் கொடுத்தார்கள். எந்த நாடும் மற்றவற்றை மிஞ்சிவிடாதபடி நாடுகள் அணி சேர்ந்து தடுக்கும், வலிமை சமமாகப் பங்கிடப்பட்டிருந்தால் அமைதி நிலைக்க வாய்ப்பு அதிகம் என்பது இந்தப் பார்வையின் சாரம். 1958இல் ஏ. எஃப். கே. ஆர்கன்ஸ்கி இதைத் தலைகீழாகத் திருப்பினார். ஒரே நாடு தெளிவாக முன்னணியில் இருக்கும்போதுதான் அமைதி நிலவுகிறது, நடப்பு ஏற்பாட்டில் மனநிறைவில்லாத இன்னொரு நாடு அதை எட்டிப்பிடிக்கும் நேரமே ஆபத்தானது என்றார். 1981இல் ராபர்ட் கில்பின் இதை இன்னும் விரித்தார்: உலக ஏற்பாட்டின் விதிகளை எழுதியது நேற்றைய வலிமை, இன்றைய வலிமை அதற்கு ஒவ்வாமல் போகும்போது, அந்த இடைவெளியைப் பெரும்போர்களே அடைத்திருக்கின்றன.

ஆர்கன்ஸ்கியின் பார்வையில் ஒரு முக்கியமான நுணுக்கம் உண்டு. எட்டிப்பிடிப்பது மட்டும் போதாது, மனநிறைவின்மையும் வேண்டும் என்கிறார் அவர். அதன் பலவீனமும் அங்கேதான். மனநிறைவை எப்படி அளப்பது? போருக்குப் போன நாட்டை மனநிறைவில்லாத நாடு என்று பிற்பாடு அடையாளப்படுத்தினால் கோட்பாடு எப்போதும் சரியாகவே இருக்கும். ஆனால் எதையும் முன்கூட்டிச் சொல்லாது. காலக் கணக்கிலும் சிக்கல் இருக்கிறது. வலிமைப் பெயர்ச்சிக்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும், நெருக்கடிகளோ வாரக்கணக்கில் வெடிக்கின்றன. 1905இலும் 1908இலும் 1911இலும் நெருக்கடி எழுந்தும் வராத பெரும்போர் 1914இல் ஏன் வந்தது என்பதற்கு இந்தக் கோட்பாட்டில் விடை இல்லை.

பொருளாதாரத்தை மையமாக்கிய விடைகளும் இருந்தன. முதலீட்டுக்குச் சந்தை தேடும் போட்டியே வல்லரசுகளை மோதவைக்கிறது என்று லெனின் 1916இல் எழுதினார். போரில் வெல்பவருக்கும் இலாபமில்லை என்று நார்மன் ஏஞ்சல் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வாதிட்டிருந்தார். லெனினின் விளக்கத்துக்கு இடறலாக நிற்பது ஒன்று: 1914இல் போருக்கு முதலில் நகர்ந்த ஆஸ்திரிய-ஹங்கேரியும் ரஷ்யாவும் மூலதனத்தை ஏற்றுமதி செய்வதில் முன்னணி நாடுகள் அல்ல. ஏஞ்சல் கணக்குப் போட்டுக் காட்டிய இழப்பு மெய்யானது. ஆனால் அந்தக் கணக்கு யாரையும் தடுத்து நிறுத்தவில்லை.

பிரிட்டன் அமெரிக்காவுக்கு வழிவிட்டது எப்படி?

ஒரே ஆளும் வல்லரசு, ஏறத்தாழ ஒரே காலத்தில், எழும் வல்லரசுகள் இரண்டை எதிர்கொண்டது. ஒன்றுடன் போர் வரவில்லை, மற்றொன்றுடன் வந்தது. பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி ஆகிய இந்த மூன்றின் கதை, கோட்பாடுகளை உரசிப் பார்க்கக் கிடைக்கும் அரிய சந்தர்ப்பம்.

1895 டிசம்பர் 17 அன்று அமெரிக்க அதிபர் கிளீவ்லாந்து காங்கிரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். வெனிசுலாவுக்கும் பிரிட்டிஷ் கயானாவுக்கும் இடையிலான எல்லையை அமெரிக்கா அமைக்கும் குழுவே ஆராய்ந்து சொல்லும், அந்த எல்லையைப் பிரிட்டன் மீறினால் அமெரிக்கா தன்னிடமுள்ள எல்லா வழிகளிலும் எதிர்க்கும் என்பது அதன் பொருள். அப்போது பிரிட்டிஷ் கடற்படையோடு ஒப்பிட்டால் அமெரிக்கக் கடற்படை மிகச் சிறியது. பிரிட்டன் எதிர்த்து நின்றிருக்கலாம். இருபது நாளுக்குள், 1896 ஜனவரி 3 அன்று, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் தரப்பினரின் படையெடுப்பை முறியடித்ததற்காகக் ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்லியம் போயர் தலைவர் குரூகருக்கு வாழ்த்துத் தந்தி அடித்தார். பிரிட்டிஷ் மக்களின் கோபம் அந்தத் தந்தியின் மேல் பாய்ந்தது. அமெரிக்காவோடு பேச்சு தொடங்கியது; எல்லைத் தகராறு நடுவர் மன்றத்துக்குப் போனது. 1899இல் பாரிசில் வந்த தீர்ப்பு பெரும்பகுதி நிலத்தைப் பிரிட்டிஷ் கயானாவுக்கே கொடுத்தது. நிலம் கிடைத்தது; ஆனால் அந்தக் கண்டத்தில் நடுவர் யார் என்ற கேள்வியில் பிரிட்டன் இறங்கிவந்துவிட்டது. (அந்தத் தீர்ப்பை வெனிசுலா இன்றும் ஏற்கவில்லை. எசெக்கிபோ பகுதியைக் கோரி 2023 டிசம்பரில் பொதுவாக்கெடுப்பே நடத்தியது. சிறிய நாடுகளின் தலைக்கு மேல் வல்லரசுகள் செய்துகொள்ளும் சமரசம் அமைதியாகத் தெரியலாம், ஆனால் அது விட்டுச்செல்லும் வடு ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் ஆறுவதில்லை.)

அதற்குப் பின் விட்டுக்கொடுத்தல் தொடர்ந்தது. மத்திய அமெரிக்கக் கால்வாயை இருவரும் சேர்ந்தே கட்டுப்படுத்துவது என்ற 1850ஆம் ஆண்டு உடன்பாட்டைக் கைவிட்டு, 1901இல் அமெரிக்கா தனியாகவே அதை வெட்டிக்கொள்ளப் பிரிட்டன் சம்மதித்தது. 1903இல் அலாஸ்கா எல்லை மன்றத்தில் பிரிட்டிஷ் நீதிபதி ஆல்வர்ஸ்டன் அமெரிக்கத் தரப்போடு வாக்களித்ததால் கனடா கொதித்தது. மேற்கிந்தியக் கடலிலிருந்து பிரிட்டிஷ் கப்பல்கள் மெல்லக் குறைக்கப்பட்டன.

மொழியும் இனமும் மக்களாட்சி மரபும் ஒன்றாக இருந்ததால்தான் இது நடந்தது என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இதை முற்றாகத் தள்ளிவிட முடியாது. உறவினர் என்ற பேச்சு, இறங்கிவருவதன் மானக்கேட்டைக் குறைத்தது. ஆனால் அதே மொழி பேசியவர்கள்தான் 1812இல் போரிட்டார்கள். 1861இல் டிரென்ட் கப்பல் விவகாரத்தில் போரின் விளிம்புவரை சென்று பிரிட்டன் கனடாவுக்குத் துருப்புகளை அனுப்பியது. உறவுதான் காரணம் என்றால், கெய்சர் வில்லியம் விக்டோரியா அரசியின் சொந்தப் பேரன். நெருக்கமான உறவாகத் தோன்றுவது எது என்பதே அரசியல் தேவைக்கேற்ப மாறியிருக்கிறது. வலுவான விளக்கம் வேறு: அமெரிக்கா கேட்டவை பிரிட்டனின் உயிர்நாடியைத் தொடவில்லை. கரீபியன் கடலை இழந்தாலும் இங்கிலாந்து பட்டினி கிடக்காது. கேட்கப்பட்டவை தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கக்கூடியவையாகவும் இருந்தன. ஒன்றைக் கொடுத்ததால் அடுத்ததைத் தடுக்கும் பலம் பிரிட்டனுக்கு வெகுவாகக் குறைந்துவிடவில்லை.

ஜெர்மனிக்கு ஏன் வழிவிடவில்லை?

1898, 1900ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டங்கள் மூலம் அட்மிரல் டிர்பிட்ஸ் கட்டத் தொடங்கிய போர்க்கப்பல்கள் வட கடலில் நிற்பதற்கானவை. உணவை இறக்குமதி செய்து வாழ்ந்த தீவுக்கு அந்தக் கடலில் முதன்மை என்பது பங்குபோடக்கூடிய பொருள் அல்ல. 1912இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஹால்டேன் பெர்லினுக்குச் சென்று பேசியும் பயன் விளையவில்லை. கப்பல் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு விலையாக, ஐரோப்பியப் போரில் பிரிட்டன் நடுநிலை வகிக்கும் என்ற உறுதியை ஜெர்மனி கேட்டது. பிரான்சைத் தனியே விட்டுவிட்டால் அடுத்தது தன் முறை என்ற அச்சத்தில் பிரிட்டன் மறுத்தது.

இந்த அச்சம் உருவான இடத்தை இன்னும் அருகில் சென்று பார்க்கலாம். 1907 ஜனவரி 1 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலக அதிகாரி அயர் குரோ ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். ஜெர்மனி திட்டமிட்டே ஐரோப்பிய மேலாதிக்கத்தைத் தேடுகிறது என்பது ஒரு சாத்தியம். திட்டமே இல்லாமல் தடுமாறுகிறது என்பது இன்னொன்று. எதுவானாலும் பிரிட்டன் நடந்துகொள்ள வேண்டிய முறை ஒன்றுதான் என்று அதில் வாதிட்டார். சில வாரங்களில், ஓய்வுபெற்றிருந்த மூத்த அதிகாரி தாமஸ் சாண்டர்சன் மறுப்பு எழுதினார். குரோ பட்டியலிட்ட ஜெர்மானியக் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பலவற்றில் ஜெர்மனியின் மனக்குறைக்கு நியாயம் உண்டு என்றும், வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிரிட்டனும் எல்லாவற்றையும் வளைத்துப்போடும் நாடாகவே தெரியும் என்றும் காட்டினார். அந்த மறுப்பின் ஓரங்களில் குரோ தம் மறுமொழிகளைக் குறித்துவைத்தார். அவர்களிடையே தகவல்களைப் பற்றிய சண்டை மிகக் குறைவு. எதிரியின் வலிமையைப் பார்த்தால் போதுமா, நோக்கத்தையும் எடைபோட வேண்டுமா என்பதே பிணக்கு. நோக்கம் மாறக்கூடியது, வலிமை நிலைப்பது என்ற குரோவின் தர்க்கம் வென்றது. இன்று வாஷிங்டனிலும் பெய்ஜிங்கிலும் ஓடுவது அதே தர்க்கம்தான் என்பது என் கணிப்பு. அதைச் சாண்டர்சனைப் போல உள்ளிருந்தே கேள்வி கேட்பவர்கள் இருப்பது ஒரு நாட்டின் பாதுகாப்புக்கு அவசியம்.

இருந்தாலும் பிரிட்டன்-ஜெர்மனிப் போட்டியே 1914 போரின் காரணம் என்று சொன்னால் வரலாறு இடிக்கிறது. போர் வெடித்தது கிழக்கில். 1913இல் ஜெர்மனியின் எஃகு உற்பத்தி சுமார் 1.76 கோடி டன்; பிரிட்டன் 77 லட்சம், ரஷ்யா 48 லட்சம். இந்த எண்களின்படி ஜெர்மனி தன் அண்டை நாடுகளை எப்போதோ முந்திவிட்டது. ஆனால் பெர்லினில் இருந்தவர்கள் பார்த்தது ரஷ்யாவின் மக்கள்தொகையை, பிரெஞ்சுக் கடனில் போடப்பட்ட இரயில் பாதைகளை, 1917இல் முடியவிருந்த படை விரிவாக்கத் திட்டத்தை. ரஷ்யப் படை மெதுவாகத் திரளும், அதற்குள் ஏறத்தாழ ஆறு வாரத்தில் பிரான்சை வீழ்த்திவிடலாம் என்பதே ஜெர்மானியப் போர்த் திட்டத்தின் அடித்தளம். இரயில் பாதைகள் நீள நீள அந்த ஆறு வாரம் சுருங்கிவந்தது. 1912 டிசம்பர் 8 அன்று கெய்சர் கூட்டிய ஆலோசனையில், போர் தவிர்க்க முடியாதது என்றும் விரைவில் வந்தால் நல்லது என்றும் படைத்தலைவர் மோல்ட்கே சொன்னதாக அதில் கலந்துகொண்ட அட்மிரல் ஒருவரின் நாட்குறிப்பு பதிவு செய்கிறது. அந்தக் கூட்டத்தை எவ்வளவு கனமாக எடுத்துக்கொள்வது என்பதில் வரலாற்றாசிரியர்கள் உடன்படவில்லை. ஃபிரிட்ஸ் ஃபிஷரின் 1961ஆம் ஆண்டு நூலைப் பின்பற்றுவோர் அதைத் திட்டமிட்ட போருக்குச் சான்றாகக் கொள்கிறார்கள். கிறிஸ்டோபர் கிளார்க் 2012இல் எழுதிய நூல் பொறுப்பை எல்லாத் தலைநகரங்களுக்கும் பங்கிட்டது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்றை மறுப்பது கடினம்: ஜெர்மனி போருக்குத் துணிந்தபோது எழும் நாடாகத் தன்னைக் கருதவில்லை, உச்சியைத் தொட்டு இறங்கப்போகும் நாடாகவே கருதியது.

வாக்குறுதிகளின் சிக்கல்

இந்த இடத்தில் உதவுவது ஜேம்ஸ் ஃபியரன் 1995இல் முன்வைத்த விளக்கம். போர் இரு தரப்புக்கும் செலவு. ஆகவே போருக்குப் பின் கிடைக்கக்கூடியதை முன்பே பேசித் தீர்த்துக்கொள்வது இருவருக்கும் இலாபம். இருந்தும் முடியாமல் போவதற்கு ஒரு காரணம், வளரும் நாடு தரும் வாக்குறுதியை நம்ப முடியாதது. இன்று அளவோடு கேட்பவர், பத்தாண்டு கழித்துப் பலம் கூடியபின் அதிகம் கேட்கமாட்டார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்போது அவரை அடக்க மேலே எந்த அதிகாரமும் இல்லை. டேல் கோப்லாண்ட் 2000இல் இதையே வேறு வழியில் சொன்னார்: பெரும்போர்களைத் தொடங்குவது பெரும்பாலும் படைபலத்தில் முன்னிற்கும், ஆனால் சரிவை எதிர்பார்க்கும் நாடுகள்.

இந்த விளக்கத்துக்குக் கடுமையான ஆட்சேபம் சோவியத் ஒன்றியம். சரிவு தெளிவாகத் தெரிந்தது. ஐரோப்பாவில் பெரும்படை கையில் இருந்தது. ஆனால் கோர்பசேவ் 1988 டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொதுச்சபையில் ஐந்து லட்சம் படையினரைக் குறைப்பதாக அறிவித்தார். இரண்டே ஆண்டுகளில் ஜெர்மனி ஒன்றிணைந்தது. அணு ஆயுதங்கள் இருந்ததால் நிலத்தை விட்டுக்கொடுத்தாலும் உயிர்நாடிக்கு ஆபத்தில்லை என்பது இதற்கு ஒரு பதில். அது என் வாதத்தோடு பொருந்துகிறது. ஆனால் அது முழுப் பதில் அல்ல. அதே ஆயுதங்கள் கையில் இருந்த முந்தைய தலைவர்கள் ஹங்கேரிக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் டாங்கிகளை அனுப்பினார்கள். தலைவரின் கருத்துலகத்துக்கும் உள்நாட்டுப் பொருளாதார நெருக்கடிக்கும் இடம் விடாத எந்த விளக்கமும் 1989ஐக் கடந்துசெல்ல முடியாது.

அலிசனின் 16க்கு 12 என்ற கணக்கில் இந்த வேறுபாடுகள் மறைந்துபோகின்றன. யாருக்கு யார் அஞ்சினார் என்பதைப் பொறுத்து, 1914 பிரிட்டன்-ஜெர்மனி நிகழ்வாகவும் ஜெர்மனி-ரஷ்யா நிகழ்வாகவும் எண்ணப்படலாம். எண்ணிக்கையே அப்படி நெகிழும்போது அதிலிருந்து வரும் விகிதத்தை இயற்கை விதியாகக் கொள்ள முடியாது.

போரே கொள்கையை மாற்றும்போது

இதுவரை பார்த்த விளக்கங்கள் எல்லாம் வலிமை மாறிப் போர் வருவதைப் பேசின. போர் வந்து வலிமையின் மதிப்பீட்டை ஒரே இரவில் மாற்றுவதும் அதே அளவு முக்கியம். 1905 மே மாதம் ட்சுஷிமாவில் ரஷ்யக் கடற்படையை ஜப்பான் அழித்தது. அதுவரை இந்தியாவின் வடமேற்கு எல்லையை ரஷ்யா தாக்கும் என்று பயந்திருந்த பிரிட்டனுக்கு அந்த அச்சம் தளர்ந்தது. 1907 ஆகஸ்டில் பாரசீகம், ஆப்கானிஸ்தான், திபெத் ஆகியவை பற்றி ரஷ்யாவோடு உடன்பாடு கண்டது. ஜெர்மனியில் அதையே முற்றுகையாகப் பார்த்தார்கள்.

சிறிய நாடுகளிடம் இதன் தடம் இன்னும் தெளிவு. டேன் ரெய்ட்டர் 1996இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறிய நாடுகள் கூட்டணியா நடுநிலையா என்று முடிவெடுப்பதில் அப்போதைய அச்சுறுத்தலைவிட, கடந்த உலகப்போரில் பட்ட அனுபவமே அதிகம் செல்வாக்குச் செலுத்துகிறது. பெல்ஜியம் 1839 உடன்படிக்கையின் நடுநிலையை 1914இல் இழந்தது. 1936இல் நடுநிலைக்குத் திரும்பி 1940இல் மீண்டும் ஆக்கிரமிக்கப்பட்டது. 1949இல் நேட்டோவின் நிறுவன உறுப்பினரானது. நடுநிலையால் தப்பித்த சுவீடன் அதை விடாமல் பற்றிக்கொண்டது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபின் சுவீடனும் பின்லாந்தும் நேட்டோவை நாடியது ரெய்ட்டரின் முடிவுக்குச் சோதனையாக அமைகிறது. பின்லாந்து 2023 ஏப்ரலிலும் சுவீடன் 2024 மார்ச்சிலும் சேர்ந்தன. தங்கள் அனுபவம் மாறாமலேயே, பக்கத்து நாட்டின் அனுபவத்தைக் கண்டே இவை கொள்கையை மாற்றின. இன்னொரு பக்கம், 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யாவைக் கண்டித்த தீர்மானத்துக்கு 141 நாடுகள் ஆதரவளித்தபோது, இந்தியா, சீனா, இலங்கை உட்பட 35 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. ஒரே போர் ஹெல்சிங்கியில் கூட்டணியையும் டெல்லியில் தன்னாட்சியையும் நியாயப்படுத்தியது. போர் தரும் பாடம் அதைப் பெறும் நாட்டின் இருப்பிடத்தையும் தேவையையும் பொறுத்தது என்றே இப்போதைக்குச் சொல்லலாம்.

திறந்திருக்கும் கேள்விகள்

சீனாவையும் அமெரிக்காவையும் இந்த விளக்கங்களால் அளக்கும்போது முதல் தடை, யார் இறங்குபவர் என்பதே. வாங்கும் திறன் கணக்கில் சீனப் பொருளாதாரம் 2010களிலேயே அமெரிக்காவை முந்தியது. நாணய மாற்று மதிப்பில் இன்னும் பின்தங்கியே இருக்கிறது. எழும் சீனாவை மூத்த வல்லரசு தடுக்கப் பார்க்கிறது என்று படித்தால் 2022 அக்டோபரில் அமெரிக்கா விதித்த உயர்நிலைச் சில்லு ஏற்றுமதித் தடைகள் முன்தடுப்பு நடவடிக்கையாகத் தெரியும். ஹால் பிராண்ட்ஸும் மைக்கேல் பெக்லியும் 2022இல் வாதிட்டதுபோல, மக்கள்தொகை சுருங்கிவரும் சீனா உச்சியைத் தொட்டுவிட்டது என்று படித்தால், 1914இன் ஜெர்மனி அமர்ந்திருந்த இடத்தில் சீனா அமர்கிறது. முதல் வாசிப்பு அமெரிக்கா அவசரப்படக்கூடாது என்கிறது. இரண்டாவது, சீனாவை அவசரப்படவைக்கக்கூடாது என்கிறது. தவறான வாசிப்பில் எழும் கொள்கை ஆபத்தைக் கூட்டிவிடலாம்.

இரண்டாவது, தைவான் கரீபியனைப் போன்றதா, வட கடலைப் போன்றதா என்பது. 1972 ஷாங்காய் அறிக்கையும் 1979 அமெரிக்கச் சட்டமும் அதைத் தீர்க்காமல் ஒத்திப்போட்டன. அந்த ஒத்திவைப்பு அரை நூற்றாண்டு அமைதியைக் கொடுத்திருக்கிறது. ஆனால் பேரம் பேசப்படும் தீவில் 2.3 கோடி மக்கள் வாழ்கிறார்கள். 1899இன் பாணியில் அவர்களின் தலைக்கு மேல் வரையப்படும் எந்தத் தீர்வையும் வெற்றி என்று எழுத எனக்கு மனமில்லை.

மூன்றாவது, வளரும் வலிமையை ஒப்பந்தத்தால் கட்ட முடியுமா என்பது. 1922 வாஷிங்டன் கடற்படை உடன்படிக்கை முதன்மைப் போர்க்கப்பல்களில் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் மூன்றுக்கும் 5:5:3 என்ற விகிதத்தை வகுத்தது. கடலாதிக்கத்தைப் பிரிட்டன் துப்பாக்கிச் சூடின்றிப் பகிர்ந்துகொண்டது அப்போதுதான். 1934 இறுதியில் ஜப்பான் விலகல் அறிவிப்புக் கொடுத்தது. 1936 முடிவோடு உடன்படிக்கை காலாவதியானது. கப்பல்களை எண்ணிப் பார்க்கலாம் என்பதால் அந்த உடன்படிக்கை அவ்வளவு காலமாவது நின்றது. மென்பொருளையும் சில்லுகளையும் அப்படி எண்ண முடியாது. எண்ண முடியாத வலிமைக்கு எந்த வகை உறுதிமொழி நம்பத்தக்கதாக இருக்கும் என்பதற்கு மேலே பார்த்த கோட்பாடுகள் எதனிடமும் இதுவரை விடை இல்லை.